ஒரு கோல்காப்பாளருக்கு இரண்டு விலைகள்

மொன்றியல்
ஜூலை 2025

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய கட்டுரை வரைவை முழுவதும் வாசித்தேன். வட அமெரிக்கப் பனி ஹொக்கி லீக்கில் (NHL) ஆடும் வினிபெக் ஜெட்ஸ் அணி தன் கோல்காப்பாளர் கொனர் ஹெலபக்கை இந்தக் கோடையில் வேறோர் அணிக்குக் கொடுக்க நேர்ந்தால் பதிலுக்கு என்ன கேட்க வேண்டும் என்ற கேள்விக்கு, இரண்டு முதற்சுற்று ட்ராஃப்ட் தேர்வுகள் (புதிய இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கும் உரிமைகள்), ஓர் இளம் தற்காப்பு வீரர், முதல் வரிசையில் ஆடும் ஒரு முன்கள வீரர் என்று விடை எழுதியிருக்கிறாய். ஆட்டத்தின் முடிவை மற்ற எவரையும்விட அதிகம் நிர்ணயிப்பவர் கோல்காப்பாளர், ஆகையால் அவருக்கே அதிக விலை கிடைக்க வேண்டும் என்பது உன் வாதம். வாதத்தின் முதற்பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாம் பாதி முதற்பாதியிலிருந்து தானாக வந்துவிடாது. ஒரு கோல்காப்பாளர் தன் அணிக்கு எவ்வளவு பெறுமதியானவர் என்பது ஒரு கணக்கு. அவரை விற்றால் சந்தையில் என்ன கிடைக்கும் என்பது வேறு கணக்கு. உன் வரைவில் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

முதற் கணக்கை நீ நன்றாகவே செய்திருக்கிறாய், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாய். 2024-25 பருவத்தில் ஹெலபக் 47 வெற்றிகளையும் .925 என்ற தடுப்பு விகிதத்தையும் (வந்த அடிகளில் தடுத்தவற்றின் பங்கு) பெற்றார். அவரை நோக்கி வந்த அடிகள் ஏறத்தாழ 1,650 என்றும், லீக்கின் சராசரி விகிதம் .900 அளவில் இருந்தது என்றும் வைத்துக்கொண்டால், சராசரிக் கோல்காப்பாளர் ஒருவர் விட்டிருக்கக்கூடிய சுமார் 40 கோல்களை அவர் தடுத்திருக்கிறார். ஆறு கோல்கள் சேர்ந்தால் ஒரு வெற்றி என்ற வழக்கமான கணக்கின்படி அது ஆறு, ஏழு வெற்றிகள். அதாவது பட்டியலில் பன்னிரண்டு, பதினான்கு புள்ளிகள். அந்தப் பருவத்தில் அவர் வெசினா (சிறந்த கோல்காப்பாளர்), ஹார்ட் (தன் அணிக்கு மிகப் பெறுமதியான வீரர்) ஆகிய இரு விருதுகளையும் வென்றதில் எவருக்கும் வியப்பில்லை. ஆனால் அந்த 40 கோல்களும் அவர் ஒருவருடைய உழைப்பா என்று நீ கேட்கவில்லை. வினிபெக்கின் தற்காப்பு, எதிரணியை ஆபத்தான இடங்களிலிருந்து அடிக்க விடாத ஒழுங்குடையது. ஒவ்வோர் அடியும் எங்கிருந்து, எப்படி வந்தது என்பதை வைத்து எதிர்பார்க்கப்படும் கோல்களைக் கணக்கிட்டு, அதற்கு மேல் அவர் தடுத்தவற்றை மட்டும் அவர் பெயரில் எழுத வேண்டும்.

அடுத்தது தற்செயலின் பங்கு. இதற்குத்தான் நீ அதிக இடம் கொடுத்திருக்க வேண்டும். 1,650 அடிகள் என்பது பெரிய எண்ணாகத் தோன்றும். உன் புள்ளியியல் பாடத்தில் படித்த சூத்திரத்தைப் போட்டுப் பார். ஒரு பருவத்தின் விகிதத்தில் தற்செயல் மட்டுமே இருபுறமும்.013 வரை ஊசலாட்டத்தை உண்டாக்கக்கூடும். உண்மையில் .912 தரமுள்ள ஒருவர் நல்வாய்ப்பான ஓர் ஆண்டில் .925 காட்டலாம், அவரே மறு ஆண்டில்.900க்கு இறங்கலாம், அதற்காக அவர் கெட்டுப்போய்விட்டார் என்று பொருளில்லை. ஹெலபக் 2020, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளில் வெசினா வென்றவர் என்பதால் அவர் விடயத்தில் இந்த ஐயம் குறைவு. ஆனால் சந்தை ஒருவருக்காக உருவானதல்ல. வாங்குகிற ஒவ்வொரு பொது முகாமையாளரும், ஓராண்டு வெளிச்சத்துக்குப் பெரும் விலை கொடுத்துச் சூடுபட்டவர்களை அறிந்திருக்கிறார்.

சூடு மறுபக்கத்திலும் பட்டிருக்கிறது. 1992 இல் சிகாகோ அணி டொமினிக் ஹாசெக்கை ஸ்டெபான் பூரெகார்ட் என்ற மற்றொரு கோல்காப்பாளருக்கும் பின்னர் தீர்மானிக்கப்படும் ஓர் ஈட்டுக்குமாக பஃபலோவுக்குக் கொடுத்தது; அவர் அங்கே ஆறு வெசினாக்களையும் இரண்டு ஹார்ட் விருதுகளையும் வென்றார். 2003 இல் சான் ஹொசே மீக்கா கிப்ருசோஃபை ஓர் இரண்டாஞ்சுற்றுத் தேர்வுக்காகக் கல்கரிக்குக் கொடுத்தது; அடுத்த வசந்தத்திலேயே அவர் அந்த அணியை, லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தின் இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டம்வரை கொண்டுபோனார். 2012 இல் பிலடெல்ஃபியா செர்கெய் பொப்ரோவ்ஸ்கியை ஓர் இரண்டாஞ்சுற்றும் இரண்டு நான்காஞ்சுற்றும் வாங்கிக்கொண்டு கொலம்பஸுக்கு அனுப்ப, மறுபருவமே அவர் வெசினா பெற்றார். லாஸ் வேகாஸ் ஒரு நான்காஞ்சுற்றுத் தேர்வு கொடுத்து வாங்கிய ஏடின் ஹில், 2023 இல் அந்த அணி கிண்ணம் வென்றபோது வலையில் நின்றார். தினமும் பயிற்சியில் இவர்களைப் பார்த்த அணிகளுக்கே இவர்களின் தரம் பிடிபடவில்லை. மலிவாக ஒருவர் அகப்படக்கூடும் என்ற நம்பிக்கை ஒவ்வொரு கோடையிலும் சந்தையில் இருக்கிறது. அந்த நம்பிக்கையே உச்சத்தில் இருப்பவரின் விலையையும் கீழே இழுக்கிறது.

இனி, வாங்குபவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி. உன் வரைவில் இது ஒரு வரிகூட இல்லை. சிறந்த முன்கள வீரர் ஒருவர் சந்தைக்கு வந்தால் 32 அணிகளும் இடம் கண்டுபிடிக்கும். ஏற்கெனவே இருவர் இருந்தாலும் மூன்றாமவருக்கு வரிசையில் இடமுண்டு. வலையில் நிற்பவர் ஒருவரே. நல்ல கோல்காப்பாளரை ஏற்கெனவே வைத்திருக்கும் அணிக்கு இன்னொரு நல்ல கோல்காப்பாளர் தேவையில்லை. மோசமான அணிகளுக்கு அவர் வீண் செலவு. இவற்றைக் கழித்து, சம்பள உச்சவரம்புக்குள் (ஓர் அணி மொத்தச் சம்பளமாகக் கொடுக்கக்கூடிய எல்லை) இடமில்லாதவர்களையும், வீரரின் ஒப்பந்தம் தரும் தடுப்புரிமையால் அவரே மறுக்கும் நகரங்களையும் கழித்தால், ஏலத்தில் மூன்று, நான்கு பேரே மிஞ்சுவார்கள். சில கோடைகளில் ஒருவரே மிஞ்சுவார்.

வான்கூவரின் கதை இதற்கு நல்ல சான்று. ரொபேர்ட்டோ லுவாங்கோ, கொரி ஷ்னைடர் என்று ஒரே காலத்தில் இரண்டு சிறந்த கோல்காப்பாளர்களை வைத்திருந்த அந்த அணி, லுவாங்கோவை விற்கவே முதலில் விரும்பியது. ஆனால் 12 ஆண்டுகளுக்கு 64 மில்லியன் டொலர் என்ற அவருடைய ஒப்பந்தத்தை ஏற்க ஆளில்லாததால், 2013 ஜூனில் இளையவரான ஷ்னைடரை நியூ ஜெர்சிக்குக் கொடுத்து ஒன்பதாவது தேர்வைப் பெற்றுக்கொண்டது. அடுத்த மார்ச்சில் லுவாங்கோவும் சம்பளத்தின் ஒரு பகுதியை வான்கூவர் தொடர்ந்து சுமக்கும் நிபந்தனையுடன் புளோரிடாவுக்குப் போனார். ஷ்னைடரைக் கொடுத்துக் கிடைத்த தேர்வில் போ ஹோர்வாட் வந்தார் என்பதால் அது நட்டமில்லை என்று சொல்வார்கள். ஆனாலும் லீக்கின் தலைசிறந்த இணை ஒன்று ஓராண்டுக்குள் கலைந்து, அதற்கு ஈடாக வந்தவற்றைப் பார்த்தால், தரம் எவ்வளவு பெரிதாயினும் ஒப்பந்தம் அதை விழுங்கிவிடும் என்பது தெளிவாகும்.

2021 இல் இரண்டு நிகழ்வுகள் ஒரே மாதத்தில் நடந்தன. முதலாவது நம் வீட்டுக்கு அருகில். கோல்காப்பாளர் கெரி பிரைஸ் மொன்றியல் கனேடியன்ஸை ஸ்டான்லி கிண்ண இறுதிக்குக் கொண்டுபோக, அந்த இறுதி முடிந்து இரண்டு வாரங்கூட ஆகவில்லை. புதிதாகச் சேர்ந்த சியாட்டில் அணி விரும்பினால் எடுத்துக்கொள்ளட்டும் என்று மொன்றியல் அவரைப் பாதுகாக்காமல் விட்டது. ஆண்டுக்கு 10.5 மில்லியன், இன்னும் ஐந்து பருவங்கள், தேய்ந்த உடல். சியாட்டில் அவரை இலவசமாகக்கூட எடுக்கவில்லை. அதன் பின் அவர் ஆடியவை ஐந்து ஆட்டங்களே. இரண்டாவது, அப்போதுதான் வெசினா வென்றிருந்த மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரியை லாஸ் வேகாஸ் சிகாகோவுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்தவர் சிறு லீக்கில் ஆடிய ஒருவர். ஏழு மில்லியன் சம்பளத்தைக் கணக்கிலிருந்து இறக்குவதே அங்கே விலையாக இருந்தது. உன் சூத்திரத்தில் இந்த இருவரையும் போட்டால் எவ்வளவு வரும் என்று பார், பிறகு உண்மையில் வந்ததுடன் ஒப்பிடு.

இப்போது மொன்றியலின் கோல்காப்பாளராக இருந்த பத்ரிக் ருவாவைப் பற்றி எழுதாமல் இந்த நகரத்திலிருந்து ஒருவர் இதைப் பேச முடியாது. 1995 டிசம்பர் 2 ஆம் நாள் ஃபோரம் அரங்கில் டிட்ரொயிட்டிடம் மொன்றியல் 11-1 என்று தோற்றது. பயிற்றுநர் மரியோ திரம்பிளே, ஒன்பது கோல்கள் விழும்வரை ருவாவை வெளியே எடுக்கவில்லை. வெளியே வந்தவர் அணி நிருவாகத்தின் தலைவர் ரொனால்ட் கொரியின் இருக்கையருகே சென்று, இதுவே மொன்றியலில் தன் கடைசி ஆட்டம் என்று சொன்னார். நான்கு நாட்களில், டிசம்பர் 6 அன்று, அவரும் அணியின் கப்டன் மைக் கீனும் கொலராடோவுக்குப் போனார்கள். பதிலுக்கு ஜொசலின் தீபோ, மார்ட்டின் ருசின்ஸ்கி, அந்திரெய் கொவலென்கோ ஆகிய மூவர் வந்தார்கள். பொது முகாமையாளர் ரெஜான் ஊல் அப்பதவிக்கு வந்து இரண்டு மாதங்கூட ஆகியிருக்கவில்லை. எதிர்ப்புறத்தில் இருந்த பியேர் லக்ருவா முன்பு ருவாவின் முகவராகவே இருந்தவர். அந்த வீரரின் மனமும் உடலும் எப்படிப்பட்டவை என்பது அவருக்கு எவரையும்விட நன்றாகத் தெரியும்.

வந்த மூவரும் மோசமானவர்கள் அல்லர். தீபோ இருபது வயதில் மிகுந்த எதிர்பார்ப்புக்குரியவர், ருசின்ஸ்கி நல்ல முன்கள வீரர். வேறொரு காலத்தில், வேறொரு கோல்காப்பாளருக்கு இது நியாயமான விலை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ருவாவுக்கு அப்போது வயது முப்பது. கொலராடோ 1996 இலும் 2001 இலும் அவருடன் கிண்ணம் வென்றது. மொன்றியல் அதற்குப் பின் இன்றுவரை வெல்லவில்லை. அந்தப் பரிமாற்றத்தின் பிழையை நம்மவர்கள் பெயர்ப்பட்டியலில் தேடுகிறார்கள். பிழை அந்த நான்கு நாட்களில் இருந்தது. அவசரத்துக்கு நகை விற்கப் போகிறவரின் முகத்தைப் பார்த்தே கடைக்காரர் விலை சொல்வார். மொன்றியல் விற்றே ஆக வேண்டும் என்பது முழு லீக்குக்கும் தெரிந்திருந்தது. ஒரு மாதம் பொறுத்திருந்தால், குறைந்தது இரண்டு அணிகளை ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தியிருக்கலாம் என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

அதே அணி 2010 இல் யாரோஸ்லாவ் ஹாலாக்கை விற்றபோது வேறு விதமாக நடந்துகொண்டது. வாஷிங்டனையும் பிட்ஸ்பர்கையும் ஏறத்தாழத் தனியாளாக வீழ்த்திய அவருடைய பெயரை அந்த வசந்தத்தில் நீயும் தம்பியும் வீடெங்கும் கூவித் திரிந்தீர்கள்; ஜூனில் அவரை லார்ஸ் எல்லருக்கும் ஓர் இளம் வீரருக்குமாக செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தபோது நகரமே கோபப்பட்டது. பெயர் உச்சத்தில் இருக்கையில், அவரைவிட இளைய பிரைஸ் கையில் இருக்கையில், விற்கவேண்டிய நெருக்கடி எதுவுமின்றி விற்றது சரியான முடிவு. பிரைஸ் 2015 இல் ஹார்ட், வெசினா இரண்டையும் வென்றார். இதற்கு நேர்மாறாக 2006 இல் ரொறன்ரோ, உடனடியாக ஆடக்கூடிய அன்ட்ரூ ரேய்க்ரொஃப்ட்டுக்காக, இன்னும் லீக்குக்கே வராத டூக்கா ராஸ்க்கை பொஸ்டனுக்குக் கொடுத்தது. ராஸ்க் 2014 இல் வெசினா வென்றார். ரேய்க்ரொஃப்ட்டின் ஒப்பந்தத்தை ரொறன்ரோ இரண்டே பருவங்களில் பணம் கொடுத்து முறித்தது.

இவ்வளவையும் வைத்து ஹெலபக்கிடம் வருவோம். அண்மைய அளவுகோல் ஒன்று லீனஸ் உல்மார்க். 2023 இல் வெசினா வென்ற அவருக்காக 2024 ஜூனில் ஒட்டாவா கொடுத்தவை யூனஸ் கொர்பிசாலோ, மார்க் கஸ்டெலிக், முதற்சுற்றில் 25 ஆவது தேர்வு. ஹெலபக் அவரைவிடத் தரத்தில் ஒரு படி மேல். ஆனால் வயது 32, ஆண்டுக்கு 8.5 மில்லியன் என்ற ஒப்பந்தம் 2031 வரை, அதாவது அவருக்கு 38 ஆகும்வரை நீள்கிறது. இங்கே ஒரு நல்ல செய்தியை நீ கவனிக்கவில்லை: உச்சவரம்பு 2025-26 இல் 95.5 மில்லியன், அடுத்து 104, அதற்கடுத்து 113.5 என்று ஏறுகிறது. இன்று அணியின் சம்பளத்தில் ஏறத்தாழ 9 சதவீதமாக உள்ள அவருடைய சுமை மூன்றாம் பருவத்தில் 7.5 சதவீதமாகக் குறையும். வயது கீழே இழுப்பதை உச்சவரம்பு ஓரளவு மேலே தூக்கும். பிளேஓஃப் ஆட்டங்கள் (வசந்தத்தில் கிண்ணத்துக்காக நடக்கும் வெளியேற்றச் சுற்றுகள்) மறுபுறம் நிற்கின்றன. 2024, 2025 இரு வசந்தங்களிலும் அவருடைய விகிதம்.870ஐத் தாண்டவில்லை, செயின்ட் லூயிஸில் மூன்று ஆட்டங்களில் இடையிலேயே அவரை எடுத்தார்கள். ஆட்டங்கள் சிலவே, ஆனாலும் வசந்தத்துக்காகவே வாங்குபவர் அந்த எண்ணை மேசையில் வைக்காமல் இருக்கமாட்டார்.

என் கணிப்பில் சந்தை கொடுக்கக்கூடியது, ஒரு நல்ல அணியின் பிந்திய முதற்சுற்றுத் தேர்வு, அடுத்த இரு பருவங்களுக்கு வலையைக் காக்கக்கூடிய ஒருவர், நம்பிக்கைக்குரிய ஓர் இளைஞர். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு ஆதாரம் தெரியவில்லை. வினிபெக்குக்கோ அவருடைய பெறுமதி இதைவிட மிகப் பெரியது: லீக்கின் மிகச் சிறிய நகரங்களில் ஒன்று அது, வெளியிலிருந்து நட்சத்திரங்கள் அங்கே எளிதில் ஒப்பமிடுவதில்லை, அவருக்குப் பின்னால் அவரளவு நிற்கக்கூடிய எவரும் இல்லை. ஆகவே உன் அட்டவணையில் இரண்டு நிரல்கள் வேண்டும். ஒன்றில் அணிக்குள்ள பெறுமதி, மற்றதில் சந்தை விலை. வினிபெக்கின் வரியில் முதலாவது எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருக்கும். அதனால்தான் இந்தப் பரிமாற்றம் நடக்காது என்று எழுது. 2021 இன் லாஸ் வேகாஸ் வரியில் அது தலைகீழாக இருக்கும், அதனால்தான் அது நடந்தது.

இவற்றுடன் 2014 இல் செயின்ட் லூயிஸ் ரயன் மில்லருக்குக் கொடுத்த விலையையும் சேர். ஹாலாக், கிறிஸ் ஸ்டூவர்ட், ஓர் இளம் வீரர், ஒரு முதற்சுற்றுத் தேர்வு எல்லாம் போயின. ஸ்டீவ் ஒட் உடன் வந்தார். பிளேஓஃப் முதற்சுற்றிலேயே செயின்ட் லூயிஸ் சிகாகோவிடம் தோற்று, கோடையில் மில்லர் வேறு அணிக்குப் போய்விட்டார். உன் சூத்திரம் சொல்லும் அளவுக்கு அருகில் ஒருவர் விலை கொடுத்தது எனக்குத் தெரிந்து இங்கேதான், அதுவும் அவசரத்தில் இருந்தது இம்முறை வாங்கியவர். திருத்திய வரைவை இம்மாத இறுதிக்குள் அனுப்பு. லுவாங்கோ ஒப்பந்தப் பகுதியை மட்டும் நான் தனியாகச் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா