மணிக்கு இரண்டு ரூபாய்தான், ஆனால் மனை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிவியைவிட மலிவான பொழுதுபோக்கு கிடையாது என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. எங்கள் வீட்டுக்குக் கேபிள்காரர் மாதம் 250 ரூபாய் வாங்குகிறார். தினம் நாலு மணி நேரம் டிவி ஓடினால் மாதத்துக்கு 120 மணி, அதாவது மணிக்கு இரண்டு ரூபாய் சொச்சம், அதையும் நாலு பேர் சேர்ந்து பார்க்கிறோம். இதே நாலு பேர் தியேட்டருக்குப் போனால் டிக்கெட், பாப்கார்ன், வண்டி நிறுத்த என்று ஆயிரம் ரூபாய் ஒரே சாயங்காலத்தில் போய்விடும். டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர்களுக்கு மாதக் கட்டணமே கிடையாது. 2006க்குப் பிறகு தி.மு.க. ஆட்சியில் கொடுத்த கலர் டிவியை வாங்கியவர்களுக்கு அப்போது பெட்டிச் செலவும் இல்லை.

இதற்கு மறுப்புச் சொல்கிறவர்கள் உடனே விளம்பரத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். டிவியைப் பார்த்தால் ஆசை வரும், கடைக்கு ஓடுவார்கள் என்று. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ஆடித் தள்ளுபடி விளம்பரம் வந்தால் அது கடைக்காரர் காசு கொடுத்துப் போடுவது என்று எங்கள் வீட்டுச் சின்னப் பையனுக்கும் தெரியும். சீரியலுக்கு நடுவே விளம்பரம் வந்தால்தான் எனக்கு எழுந்துபோய்ச் சாதம் வடிக்க நேரம் கிடைக்கிறது. அட்சய திருதியைக்கு நகை வாங்குவது என்பதை என் அம்மா காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை, இப்போது ஒரு கிராமாவது வாங்காவிட்டால் என்னவோ குறை மாதிரி பேசுகிறார்கள், அதில் டிவிக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு கிராம் பீரோவில் இருக்கும், அவசரத்துக்கு அடகு வைக்கலாம்.

நான் பயப்படுவது விளம்பரம் என்று சொல்லாமலே வருகிற விளம்பரத்துக்கு.

எங்கள் ஊர் திண்டிவனம். சென்னையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். அது "சென்னைக்கு மிக மிக அருகில்" இருக்கிறது என்று எங்களுக்குச் சொன்னதே டிவிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டால் போதும், வாரம் முழுக்க சீரியலில் நல்ல மருமகளாகவோ மாமனாராகவோ வந்தவர் ஒரு வயலுக்கு நடுவே நின்றுகொண்டு, இங்கே பள்ளிக்கூடம், அங்கே கல்லூரி, அஞ்சே நிமிடத்தில் பஸ் ஸ்டாண்டு என்று கையைக் காட்டிக்கொண்டிருப்பார். பக்கத்தில் கம்பெனி முதலாளி பேட்டி கொடுப்பார். மனை வாங்கியவர்கள் என்று சிலர் வந்து சந்தோஷப்படுவார்கள். தாம்பரத்திலிருந்து இலவச வேன், மத்தியானச் சாப்பாடு, அன்றைக்கே முன்பதிவு செய்தால் தங்கக் காசு. அரை மணி நேரம் இப்படியே போகும். கேள்வி, பதில், சிரிப்பு எல்லாம் இருப்பதால் பார்க்கிறவர்களுக்கு இது ஒரு நிகழ்ச்சி. உண்மையில் அந்த அரை மணி நேரமும் காசு கொடுத்து வாங்கியது.

என் நாத்தனார் குடும்பம் அம்பத்தூரில் இருக்கிறது. அவர்கள் இப்படி ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, வேனில் வந்து இறங்கி, சீட்டுப் பணத்தை எடுத்து ஒரு மனைக்கு முன்பணம் கட்டிவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். "அண்ணி, உங்க ஊருக்கே வந்துட்டோம்" என்று வாசலிலேயே அவ்வளவு சந்தோஷம். இடம் எங்கே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சொன்னார்கள். ஊரிலிருந்து ஷேர் ஆட்டோவில் அரை மணி நேரம், அப்புறம் இறங்கி நடக்க வேண்டும். அங்கீகாரம் உண்டா என்றால் பஞ்சாயத்து அப்ரூவல் என்றார்கள், மனைப்பிரிவுக்கு அனுமதி தருகிற அரசு நகர் ஊரமைப்புத் துறையான டிடிசிபி என்ற பேச்சே இல்லை. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோதுதான் மகளின் கல்லூரிச் செலவுக்கு அதை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விற்க முடியவில்லை. 2017ல் அப்படிப்பட்ட மனைகளுக்கு அங்கீகாரம் கொடுத்து வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது, அதற்குத் தனியாகக் கட்டணம். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் நுழைவாயில் வளைவில் பெயின்ட் உரிந்திருக்கிறது, நட்ட கல்லை சீமைக்கருவேலம் மூடிவிட்டது. அந்தக் கம்பெனியின் போன் நம்பரை யாரும் எடுப்பதில்லை.

இந்தச் செலவை எந்த மணிக் கணக்கில் சேர்ப்பது? அந்த ஒரு அரை மணி நேரம் மட்டும் அவர்களுக்கு லட்சக்கணக்கில் ஆகியிருக்கிறது.

மனையாவது கண்ணுக்குத் தெரிகிறது. காலையில் சில சேனல்களில் வருகிற வைத்தியர்களைப் பாருங்கள், சர்க்கரையை வேரோடு அறுக்கிறேன் என்கிறார்கள், நேயர்கள் போனில் சந்தேகம் கேட்கிறார்கள், கீழே மருந்து அனுப்புகிற நம்பர் ஓடுகிறது. நீரிழிவைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954லேயே சட்டம் வந்துவிட்டது. ராசிக்கல் விற்கிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கடிதம் நீண்டுவிடும்.

விதி இல்லாமல் இல்லை. ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது, அதிலும் 2 நிமிடம் சேனல் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள என்று 1994ஆம் ஆண்டு கேபிள் டிவி விதிகளில் இருக்கிறது. தொலைபேசி, டிவி சேவைகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான டிராய் அதைக் கறாராக அமல்படுத்தப் போனபோது சேனல்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அதே விதிகளில், விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தனியாகத் தெரியும்படி இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எனக்கு 12 நிமிடத்தைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரத்தில் நடித்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், ஒரு வருடம் வரை எந்த விளம்பரத்திலும் வரக்கூடாது என்று தடுக்கலாம். வயலில் நின்று கை காட்டுகிற அந்த மாமனார் நடிகர் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது, அவர் முகத்தை நம்பித்தானே என் நாத்தனார் வேன் ஏறினார்.

வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம் வந்தபிறகு மனை விளம்பரத்தில் பதிவு எண் போட்டாக வேண்டும். போடுகிறார்கள், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத அளவில், கண் சிமிட்டுவதற்குள் மறைகிற மாதிரி. டிவியில் இந்த மனை நிகழ்ச்சிகளும் முன்பைவிடக் குறைந்துதான் இருக்கின்றன, ஆனால் அதே ஆட்கள் இப்போது யூடியூபில் அதே வளைவின் முன்னால் நிற்கிறார்கள்.

அதனால் டிவியை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவே இல்லை. என் மாமியாருக்கு 80 வயது, மணிக்கு இரண்டு ரூபாய்க்கு இதைவிட நல்ல துணை அவருக்குக் கிடைக்காது. நான் கேட்பது ஒன்றுதான். காசு வாங்கிக்கொண்டு ஒளிபரப்பும் எந்த நிகழ்ச்சியானாலும், தொடக்கத்தில் ஒரு முறை காட்டிவிட்டு எடுத்துவிடாமல், சேனல் முத்திரை இருக்கிற அளவுக்கே பெரிதாக, முடிகிற வரைக்கும் திரையின் மூலையில் "இது விளம்பரம்" என்று தமிழில் இருக்க வேண்டும். ரெரா எண்ணும் அதே மாதிரி கடைசி வரை நிற்கட்டும். சேனல்கள் தாங்களாகச் செய்யாது, ஒளிபரப்பு அமைச்சகம்தான் சொல்ல வேண்டும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பத்திரிகையிலும் சனிக்கிழமை இணைப்பில் செய்தி மாதிரியே முழுப் பக்கம் மனை விளம்பரம் வருகிறது, "விளம்பரப் பகுதி" என்று மேலே எறும்பு அளவு எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதையும் கொஞ்சம் பெரிதாகப் போடலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டிவனம்.