பின்வீலை மாட்டுவதற்கு முன்

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய படம் வந்தது. உன் பழைய மோட்டார் சைக்கிளின் பின்வீலும், அதற்குப் பதிலாக நீ வாங்கிய வீலும் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. நிப்பிள் (ஸ்போக்ஸை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்டு) ஓட்டையைச் சுற்றி விரிசல் விட்ட அந்த ரிம்மை இனி நீ ஓட்ட மாட்டாய் என்று முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு சந்தேகம் வந்துவிட்டது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே ஸ்பானரை எடுத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். படித்து முடிக்கிற வரைக்கும் ஆக்ஸில் நட்டில் கை வைக்காதே.

புது வீலில் ரிம், ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்) இருக்கும் பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கி நிற்பது போலத் தெரிகிறது. படம் எடுத்த கோணமாகவும் இருக்கலாம். 19 அங்குல ரிம், 40 ஸ்போக்ஸ், அதே பிரேக் டிரம் என்று விற்றவர் சொன்னது எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் ஹப்புக்கு, அதாவது வீலின் நடுக்குடத்துக்கு, நேர் நடுவில் ரிம் நிற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒரு பக்கம் டிரம்மும் ஸ்ப்ராக்கெட்டும் இடத்தை அடைத்துக்கொள்வதால் பின்வீலில் ரிம்மை ஒரு பக்கமாகத் தள்ளித்தான் கோப்பார்கள். எவ்வளவு தள்ளுவது என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஒரே கம்பெனி, ஒரே ஹப், ஆனால் பிரேம் வேறு என்றால் இந்தக் கணக்கும் வேறு.

இதை நான் கற்றுக்கொண்ட கதை உனக்குத் தெரியாது. நீ பிறப்பதற்கு முன்னால், பிரித்துப்போட்ட ஒரு வண்டியிலிருந்து பின்வீல் வாங்கினேன். பார்க்க அச்சு அசலாக என்னுடையதுதான். ஒரே மாலையில் மாட்டி, பின்வீலைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகளை இரண்டு பக்கமும் சமமாக வைத்து, பெருமையாக ஓட்டினேன். நேரான சாலையிலேயே வண்டி ஒரு பக்கம் இழுத்தது. டயரைக் குறை சொன்னேன், சாலையைக் குறை சொன்னேன், ஃபோர்க்கைக்கூடக் கழற்றிப் பார்த்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் அளவுகோலை எடுத்தேன். ரிம் 6 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. செயின் அட்ஜஸ்டரை எவ்வளவு திருகினாலும் வீலின் கோணம்தான் மாறும், ஒதுங்கி நிற்கும் வீல் நடுவுக்கு வராது. இந்தச் சின்ன விஷயம் எனக்கு ஒரு மாதம் புரியவே இல்லை!

ஆகவே முதல் வேலை இது. இரண்டு ரிம்மிலும் அடித்திருக்கும் எழுத்தைப் பார். உன் பழையதில் டபிள்யூஎம் 2 என்று இருக்கும், அதன் அகலம் 1.85 அங்குலம். புதியதில் டபிள்யூஎம் 3 என்று இருந்தால் 2.15 அங்குலம். அப்படியானால் நடு மாறாவிட்டாலும் ஓரம் மட்டும் பக்கத்துக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும். நான் பயப்படுவது வெறும் இதுவாக இருந்தால் நல்லது.

அடுத்து, வீலை ஸ்ப்ராக்கெட் மேலே வரும்படி படுக்கப் போடு. நேரான இரும்புப் பட்டை ஒன்றை ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில் குறுக்கே வைத்து, பட்டைக்கும் ரிம் ஓரத்துக்கும் உள்ள இறக்கத்தை அள. நான்கு இடத்தில் அளந்து சராசரி எடு, ஏனென்றால் ரிம்மில் கொஞ்சம் பெண்டு இருந்தால் ஒரு இடத்து அளவு பொய் சொல்லும். பழையதிலும் இதையே செய். ரிம் அகலம் வேறாக இருந்தால், பக்கத்துக்கு வரும் அந்தப் பாதி வித்தியாசத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள். ஹப்பின் மொத்த அகலத்தையும் ஒப்பிட்டுப் பார்; அது ஒத்துவரவில்லை என்றால் ஆக்ஸிலில் இடைவெளியை நிரப்பும் பழைய ஸ்பேசர்களும் ஒத்துவராது.

இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு பக்க ஸ்போக்ஸை எல்லாம் தளர்த்தி, மறு பக்கத்தை இறுக்கி ரிம்மை நகர்த்திவிடலாம். நிப்பிளுக்குக் கால் சுற்று, அரைச் சுற்று என்று வட்டமாக வந்துகொண்டே இரு, அவசரப்படாதே. நிப்பிளுக்கு மேலே ஸ்போக்ஸ் முனை துருத்தினால் அரத்தால் தேய்த்துவிடு, இல்லையென்றால் டியூபைக் குத்தும். அதற்கு மேல் வித்தியாசம் என்றால் ஸ்போக்ஸ் நீளமே வேறு. வீல் கோக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் கொடுத்திருக்கிறேன்.

அளவு சரியாக வந்த பிறகுதான் கழற்றும் பேச்சு. உனக்கு ஏழு வயதிருக்கும்போது நான் கழற்றக் கழற்ற வாஷர்களையும் ஸ்பேசர்களையும் வரிசை மாறாமல் ஒரு கம்பியில் கோத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். "இது இடது, இது வலது" என்று எனக்கே பாடம் எடுப்பாய். அதேபோல இப்போதும் இரண்டு கம்பி வைத்துக்கொள். படமும் எடுத்துக்கொள், ஆனால் கம்பிதான் நம்பிக்கை. ஸ்பானர் விஷயத்தில் ஒன்று: உன் வண்டியில் பல நட்டுகள் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. அந்த ஸ்பானரில் இருக்கும் எண் போல்ட்டின் தடிமனைச் சொல்வது, வாயின் அகலத்தை அல்ல. மில்லிமீட்டர் ஸ்பானரை வைத்து ஒப்பேற்றினால் நட்டின் மூலைகள் வட்டமாகிவிடும். (வின்சென்ட் வண்டிகளில் ஸ்பானரே இல்லாமல் கையாலேயே பின்வீலைக் கழற்றிவிடலாம். அந்தப் பாக்கியம் நமக்கு இல்லை.)

டிரம்மில் இருக்கும் தூசியை வாயாலோ காற்றடித்தோ ஊதாதே. அந்தக் காலத்து பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடு.

புது ஹப்பின் பேரிங்கை விரலால் சுற்றிப் பார். மணல் மாட்டிய மாதிரி நெருடினால் இப்போதே மாற்றிவிடு. இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு குழாய் ஸ்பேசர் இருக்க வேண்டும், கட்டாயம் பார். வாங்கிய வீல்களில் அது காணாமல் போயிருப்பது உண்டு. அது இல்லாமல் ஆக்ஸிலை இறுக்கினால் பேரிங் பக்கவாட்டில் நெரிந்துவிடும். ஸ்ப்ராக்கெட் பற்கள் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் செயினையும் சேர்த்து மாற்று. டயர், டியூப் மாட்டுவது உனக்கே தெரியும், டியூபை நிப்பிள்கள் குத்தாமல் காக்கும் ரிம் டேப்பை மட்டும் மறக்காதே.

மாட்டும்போது நான் பயப்படும் இடம் ஒன்றே ஒன்று: பிரேக் பிளேட்டைச் சுழலவிடாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம். அதன் போல்ட் கழன்றால், பிரேக் போட்ட நொடியில் பிளேட்டும் டிரம்மோடு சேர்ந்து சுற்றி, பிரேக் ராடை முறுக்கி, வீல் அப்படியே பூட்டிக்கொள்ளும். அந்த நட்டை இறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின்னைப் புதிதாகப் போடு. பழைய பின்னை நிமிர்த்திப் போடும் சிக்கனம் இங்கே வேண்டாம்.

அப்புறம் செயின். நீ வண்டியில் உட்கார்ந்திருக்க வேறு யாராவது பார்க்கட்டும். ஸ்விங் ஆர்ம் அமுங்கும்போதுதான் செயின் இறுகும். வீலைச் சுற்றி, எந்த இடத்தில் அதிகம் இறுகுகிறதோ அங்கே 20 முதல் 25 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் போதும். கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே எடுத்துக்கொள். செயினின் இரு முனைகளை இணைக்கும் கிளிப்பான செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும்.

பிறகு நூல். பின்டயரின் பின்புறமாக ஒரு நூலைச் சுற்றி, இரண்டு முனையையும் முன்வீலுக்கு முன்னால் இழுத்துப் பிடி. ஸ்டாண்டில் இடிக்காமல் எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரம். பின்டயரின் முன் ஓரத்தை நூல் இரண்டு பக்கமும் லேசாகத் தொட வேண்டும். உன் முன்டயர் ஒல்லி, அதனால் அங்கே நூலுக்கும் டயருக்கும் இடைவெளி விழும். அந்த இடைவெளி இரண்டு பக்கமும் சமமா என்பதுதான் கேள்வி. ஸ்விங் ஆர்ம் கோடுகளை நம்பாதே, நூலை நம்பு. முன்டயரை ஒட்டி நூல் சாய்வாக ஓடினால் அட்ஜஸ்டர் வேலை. சாயாமல் ஓடியும் ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் நான் மேலே சொன்ன கதைதான்.

ஆக்ஸிலை முழுக்க இறுக்குவதற்கு முன் பிரேக் பெடலை நன்றாக மிதித்துப் பிடித்துக்கொண்டு இறுக்கு, ஷூக்கள் டிரம்முக்கு நடுவில் உட்காரும். பிரேக் ராடைக் கடைசியில்தான் சரிசெய்ய வேண்டும், செயினுக்காக வீலை நகர்த்தும்போதெல்லாம் அது மாறிக்கொண்டே இருக்கும். பழைய ஷூ, புது டிரம் என்பதால் முதல் நாட்களில் பிரேக் மந்தமாகத்தான் பிடிக்கும், மெதுவாகவே ஓட்டு. நூறு கிலோமீட்டர் போனதும் ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார். தளர்ந்தது மட்டும் சத்தத்திலேயே தனியாகத் தெரியும்.

இன்றைக்கு ராத்திரி எனக்கு வேண்டியது இரண்டு எண்கள்தான். ஸ்ப்ராக்கெட் முகத்திலிருந்து ரிம் ஓரம் வரை பழையதில் எத்தனை மில்லிமீட்டர், புதியதில் எத்தனை. ரிம்மில் அடித்திருக்கும் எழுத்தையும் சேர்த்து அனுப்பு. எந்நேரமானாலும் பரவாயில்லை, நான் விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா