வரைபடத்துக்கும் வந்த ஃபிரேமுக்கும் சம்பந்தம் இல்லாதது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: டைட்டானியம் சைக்ளோகிராஸ் சைக்கிள் ஃபிரேம். மாற்றித் தருதல் அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தொலைபேசியில் பேசிப் பேசி அலுத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுக்கிறார். ஆர்டர் எண்ணைக் கேட்டுவிட்டு, கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்கிறார். மின்னஞ்சலுக்கு "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்ற தானியங்கிப் பதில் மட்டும் தவறாமல் வருகிறது. பதிவு செய்தவர்கள் அதைப் படித்தார்களா என்பதுதான் தெரியவில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே கடிதமாக எழுதுகிறேன். தயவுசெய்து பொறுப்பில் உள்ள ஒருவர் இதைக் கடைசி வரை படிக்க வேண்டும்.

நான் லண்டனில், டூட்டிங்கில் வசிக்கிறேன். வார நாட்களில் அலுவலகம் போய்வரவும் குளிர்காலத்தில் சைக்ளோகிராஸ் பந்தயம் (சேற்றிலும் புல்லிலும் ஓட்டி, ஓட்ட முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் பந்தயம்) ஓடவும் ஒரே சைக்கிள் போதும் என்றுதான் உங்களிடம் அளவு கொடுத்துச் செய்யச் சொன்னேன். குளிர்காலத்தில் இங்கே சாலையில் உப்பு தூவுகிறார்கள். அந்த உப்பில் என் பழைய இரும்பு ஃபிரேம் உள்ளிருந்தே துருப்பிடித்து வீணானது. டைட்டானியம் துருப்பிடிக்காது. இந்த நாட்டிலேயே அதில் ஃபிரேம் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். இருந்தும் நம் ஊர்க்காரர்கள் செய்கிறார்களே என்ற பெருமையில் 3 லட்சம் ரூபாய்க்கு மேல் முன்கூட்டியே கட்டினேன்.

நீங்கள் ஒப்புதல் அளித்து அனுப்பிய வரைபடம் இப்போதும் என் மேசைமேல் இருக்கிறது. 33 மி.மீ. டயர், அதன் இருபுறமும் சேறு வழிந்துபோக இடம்; மட்கார்டும் கேரியரும் மாட்டத் திருகுத் துளைகள்; பிரேக், கியர் கேபிள்கள் மேல்குழாயின் மேற்புறமாக வர வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. வந்த ஃபிரேமில் 33 மி.மீ. டயர் நுழைகிறது, அவ்வளவுதான். பின்சக்கரத்துக்கும் குழாய்க்கும் நடுவே என் சுண்டுவிரல் நுனிகூடப் போகவில்லை. கேரியர் மாட்டும் துளை வலதுபுறம் இருக்கிறது, இடதுபுறம் இல்லை. ஒற்றைக் காலில் நிற்கும் கேரியர் ஏதாவது நீங்கள் விற்கிறீர்களா?

சர்வதேச சைக்கிள் சம்மேளனம் சைக்ளோகிராஸில் அனுமதிக்கும் டயர் அகலத்தின் உச்ச வரம்பே 33 மி.மீ.தான். உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியானால் வரைபடத்தில் அதைவிட அகலமாக இடம் கேட்டது எதற்கு, சேறு வழிந்துபோகத்தானே? முதல் பந்தயத்தில் இரண்டாவது சுற்றிலேயே பெடல் அச்சுக்குப் பின்னால் சேறும் புல்லும் பிசைந்த மாவாக அடைத்துக்கொண்டு பின்சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. குச்சியால் தோண்டித் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தேன். பதின்ம வயதுப் பையன்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். தோளில் தூக்கிக்கொண்டு மேடு ஏறியபோது, மேல்குழாயின் அடிப்பக்கம் நீங்கள் பற்றவைத்திருந்த கேபிள் தாங்கி தோள் எலும்பில் குத்தி ரத்தம் கட்டிவிட்டது. மேற்புறம் வர வேண்டும் என்று வரைபடத்தில் நான் சிவப்பு மையால் வட்டமிட்டதே அதற்காகத்தான்.

இதை உங்கள் சேவை மையத்தில் சொன்னபோது ஒருவர் என்ன பதில் சொன்னார் தெரியுமா? "சேற்றில் ஓட்டினால் அடைக்கத்தான் செய்யும் சார், தார் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள்." சைக்ளோகிராஸ் சைக்கிள் விற்கும் நிறுவனத்தின் ஊழியர் இப்படிச் சொல்கிறார்! அதோடு விடவில்லை. என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, இணைப்பைத் துண்டிக்காமலேயே பக்கத்தில் இருந்தவரிடம், "அந்தச் சேற்று ஆள்தான் மறுபடியும்" என்றார். இருவரும் சிரித்தது எனக்கு நன்றாகக் கேட்டது. பிறகு என்னிடம் வந்து, "லண்டனில் இருக்கிறீர்கள், இந்தத் தொகை உங்களுக்கு ஒரு பொருட்டா சார்?" என்று ஆறுதல் வேறு. என் சம்பளத்தை அவர் எங்கே பார்த்தார்? அவர் பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை. உரையாடல்கள் பதிவு செய்யப்படும் என்று அழைப்பின் தொடக்கத்தில் நீங்களே அறிவிக்கிறீர்கள். அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

கோவைக்கு அலைந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. விடுமுறையில் மதுரைக்கு வருவதாக முன்கூட்டியே தெரிவித்தேன். "ஃபிரேமைக் கொண்டுவாருங்கள், பார்த்துக் கையோடு சரிசெய்து தருகிறோம்" என்று எழுத்தில் சொன்னது உங்கள் அலுவலகம்தான். அட்டைப்பெட்டியில் கட்டி, விமானத்துக்குக் கூடுதல் கட்டணம் அழுது, மதுரையிலிருந்து பஸ்ஸில் நடத்துநரிடம் பாட்டு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தால், வெல்டிங் மாஸ்டர் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருக்கிறாராம். போகட்டும், நன்றாகக் கும்பிட்டுவிட்டு வரட்டும். அந்த ஃபிரேமைக் கையில் வாங்கிப் பார்க்க வேறு ஓர் ஆள்கூடவா இல்லை? ஓர் இளைஞர் வந்தார், கைபேசியில் நாலு படம் எடுத்தார், "மேலே அனுப்புகிறேன்" என்று உள்ளே போனார், திரும்பவே இல்லை. மாலை வரை எனக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, இரண்டு முறை உள்ளே போய் விசாரித்து வந்தவர் வாயில்காவலர் மட்டுமே. உங்கள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவை என்று ஒன்றை அன்று அவரிடம்தான் பார்த்தேன்.

மிக முக்கியமானதை இன்னும் சொல்லவில்லை. பெடல் அச்சைக் கழற்றிப் பார்த்தபோது அந்தக் குழாயின் உட்புறம், வெல்டிங் போட்ட இடம் நீலமும் சாம்பலுமாக இருக்கிறது. டைட்டானியத்தைப் பற்றவைக்கும்போது வெளியே மட்டுமல்ல, குழாய்க்குள்ளும் காற்று படாமல் காக்கும் ஆர்கான் வாயு நிறைந்திருக்க வேண்டும். இணைப்பு வெள்ளி நிறத்திலோ வெளிறிய வைக்கோல் நிறத்திலோ இருந்தால் நல்லது. நீலத்துக்கும் சாம்பலுக்கும் போய்விட்டால், சூடு தணியும் முன் காற்று பட்டுவிட்டது என்று பொருள். சாம்பல் நிறம் வரை போன இணைப்பு விறைத்து, அடி பட்டால் விரிசல் விடலாம். உங்கள் தொழிலே இதுதான், உங்களுக்கு நான் பாடம் எடுக்கவில்லை. ஆனால் படத்துடன் நான் கேட்டதற்கு, "அது அழகுக்காக மின்சாரம் பாய்ச்சி ஏற்றிய அனோடைசிங் வண்ணம்" என்று பதில் வந்ததே, அது என்ன பேச்சு? குழாய்க்குள்ளே யாருக்கு அழகு காட்டுகிறீர்கள்? தினமும் காலையில் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவே இதில்தான் நான் அலுவலகம் போக வேண்டும். ஃபிரேம் முறிந்து நான் சாலையில் விழுந்தால் அதையும் "பதிவு செய்யப்பட்டது" என்பீர்களா?

பந்தயப் பருவம் முழுவதும் பாழாகிவிட்டது. மாட்டியிருந்த சக்கரங்களும் பிரேக்கும் கியரும் கழற்றப்பட்டுப் பெட்டியில் கிடக்கின்றன. அலுவலகத்துக்கு ரயிலில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு போகிறேன். இந்த இழப்பைப் பணத்தால் ஈடுகட்டவே முடியாது. ஆனாலும் பணத்தைத் தந்தாக வேண்டும்.

உங்கள் தொழிற்கூடத்தில் திறமைக்குக் குறைவில்லை என்றே இன்னும் நம்புகிறேன். முன்புறக் குழாய் இணைப்புகளைப் பார்த்தாலே கை தேர்ந்தவர் வேலை என்று தெரிகிறது. ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட வரைபடத்தின்படி புதிய ஃபிரேம் செய்து, அனுப்பும் செலவையும் இங்கே வரும் சுங்க வரியையும் நீங்களே ஏற்றுத் தாருங்கள். இயலாதென்றால் முழுத் தொகையையும் கோவைப் பயணச் செலவையும் திருப்பித் தாருங்கள். "வெட்டி ஒட்டிச் சரிசெய்கிறோம்" என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. அந்த நீல இணைப்பின்மேல் இன்னொரு வெல்டிங்கை நான் ஏற்க மாட்டேன்.

இம்மாத இறுதிக்குள் பெயரும் பதவியும் குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து எழுத்தில் பதில் வரவில்லையென்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். வெளிநாட்டில் இருக்கிறேன், அலைய மாட்டேன் என்று நினைக்க வேண்டாம். மதுரையில் என் தந்தை இருக்கிறார். ஓய்வு பெற்ற தாலுகா அலுவலக ஊழியர். கோப்புகளைத் துரத்துவதில் அவருக்கு இருக்கும் பொறுமை எனக்குக் கிடையாது. வழக்குக்கான அதிகாரப் பத்திரத்தை அவர் ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டார்.

வரைபட நகல், டயர் இடைவெளியை அளவுகோல் வைத்து எடுத்த படங்கள், வெல்டிங் படங்கள், உங்கள் அலுவலகத்தின் மின்னஞ்சல்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். ஃபிரேமைத் திரும்பப் பெற ஆள் அனுப்புவதாக இருந்தால் சனிக்கிழமைகளில் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(உங்கள் ஊழியர்கள் மொழியில், அந்தச் சேற்று ஆள்)