அரிய முத்திரை மட்டும் சான்றாகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழந்துப்பாக்கிச் சேகரிப்பு குறித்த தங்கள் கட்டுரை, அமெரிக்க இராணுவம் 1873-இல் ஏற்றுக்கொண்ட கோல்ட் ரிவால்வரில் இராணுவத்துக்காகத் துப்பாக்கிகளைச் சோதித்த ஆய்வாளர் ஐன்ஸ்வொர்த்தின் முத்திரை இருந்தாலே அது அசல் என்பது போல எழுதியிருக்கிறது. அமெரிக்கத் தளபதி கஸ்டரின் குதிரைப்படையோடு தொடர்புபடுத்தப்படுவதால் விலை ஏறும் அந்த முத்திரையைத்தான் போலி செய்பவர்களும் முதலில் நாடுகிறார்கள்.

உண்மையில் பார்க்க வேண்டியது முத்திரை எழுத்தின் விளிம்பை. சுற்றியுள்ள உலோகம் தேய்ந்து துருக்குழிகள் விழுந்திருக்க, எழுத்து மட்டும் கூர்மையாக நின்றாலோ, குழியின் மேலேயே அச்சு இறங்கியிருந்தாலோ, அது பின்னாளில் குத்தியதே. பாகங்களில் பொறித்த வரிசை எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் போலி என்பதும் அவசரத் தீர்ப்பு; 1890-களில் இராணுவம் குழலை ஏழரை அங்குலத்திலிருந்து ஐந்தரையாகக் குறைத்தபோது பல துப்பாக்கிகளின் பாகங்கள் கலந்துவிட்டன என்பதால், அப்படிக் குழல் குறைத்த துப்பாக்கியில் எல்லா எண்களும் ஒத்திருப்பதே (விற்பவர் இதைப் பெருமையாகச் சொல்வார்) எனக்கு ஐயத்தைத் தரும். கோல்ட் நிறுவனம் தன் பழைய பதிவேடுகளைப் பார்த்துத் தரும் ஆவணக் கடிதம், அந்த எண்ணுள்ள துப்பாக்கி எப்போது, எங்கே அனுப்பப்பட்டது என்பதைச் சொல்லுமே தவிர, கையில் இருப்பது அதுதானா என்பதைச் சொல்லாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்