வாசலில் இருந்த பதிவேடு

நண்பர்களே,

கண்காட்சி திறந்துவிட்டது. நேற்று கூட்டம் கலைந்ததும் நடுக்கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூடத்துக்குள் தண்ணீர் புகுந்த அந்த இரண்டு நாளில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மனசு ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தண்ணீரை இறைத்தவர்கள், மின்விசிறி தூக்கி வந்தவர்கள், ராத்திரி முழுக்க வண்டி ஓட்டியவர்கள், தூங்காமல் காகிதம் உலர்த்திய என் மாணவர்கள், திறப்பு விழாவை ஒரு வாரம் தள்ளிவைக்க முகம் சுளிக்காமல் சம்மதித்த நிர்வாகம் என எல்லோருக்கும் ஒரே மூச்சில் நன்றி. தனித்தனியாகச் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த மடல் முக்கால்வாசி வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கானது.

பொருள்கள் பிழைத்துவிட்டன. பெயர்கள்தான் போய்விட்டன. இடம்பெயர்ந்து வந்த 64 பேர் ஆளுக்கொரு பொருள் தந்திருந்தார்கள். எண் எழுதிய சீட்டுகள் எல்லாம் கரைந்து கூழாகிவிட்டன. கணினிப் பட்டியலைத் திறந்தால் “சாவி, இரும்பு, 1” என்று ஐந்து வரி. எந்தச் சாவி யாருடையது? படம் எடுக்கும் வேலையை மறுநாளைக்குத் தள்ளிப்போட்டது நான்தான்; பழியை வேறு யார் மேலும் போட முடியாது. அவர்களையே கூப்பிட்டு, “உங்கள் சாவி எது, வந்து எடுத்துக் காட்டுங்கள்” என்று கேட்டிருக்கலாம். ஒருமுறை எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்தவர்களிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை இரவுக் காவலர் வந்து, “மேடம், இது உதவுமா பாருங்க” என்று வாயில் பதிவேட்டை நீட்டினார். கோடு போட்ட நீளப் புத்தகம். பெயர், நேரம், உள்ளே கொண்டுவரும் பொருள், கையெழுத்து. அந்தப் பொருள் கட்டத்தில் பொதுவாக ‘பை 1’ என்று எழுதுவார்கள், அல்லது ஒரு கோடு கிழிப்பார்கள். இவர் எழுதியிருந்தது வேறு. “சாவி. பல் ஒன்று உடைஞ்சது. மாடிக் கதவோடது. மேசைமேல் வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.” அடுத்த பக்கத்தில், “நீலக் கைக்குட்டை, மூலையில் சிவப்புத் தையல். அக்காவுடையது. துவைக்கக் கூடாதாம்.”

அந்தக் கைக்குட்டையை நல்ல தண்ணீரில் அலசத் தட்டில் எடுத்து வைத்திருந்தோம். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் அலசியிருப்போம். அப்படியே விரித்து நிழலில் காயவைத்தோம்.

பெயர்களை உச்சரிப்புப்படி எழுதி, “மூணாவது எழுத்தை நீட்டணும்” என்று ஒரு பெண்மணியின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாகக் குறித்திருந்தார். அந்தப் பெண்மணியிடம் எட்டு மாதமாகத் தொலைபேசியில் பேசுகிறேன். ஒருநாளும் நான் நீட்டியதில்லை. அவரும் திருத்தியதில்லை.

பண்பாட்டு அடையாளம் பற்றிப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான். அடையாளம் என்பது முடிந்துபோன ஒன்றில்லை, ஆகிக்கொண்டே இருப்பது என்று பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1990இல் எழுதியதை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறேன். எது மரபு என்பதை அதற்குரிய சமூகமே அடையாளம் காண வேண்டும் என்கிறது வாழும் மரபுகளைக் காப்பதற்கான யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை. 2022இல் பிராகில் கூடிய உலக அருங்காட்சியகப் பேரவை, அருங்காட்சியகம் என்பதன் வரையறைக்குள்ளேயே ‘எல்லோரையும் உள்ளடக்குவது’ என்பதைச் சேர்த்தது. எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் நான் தயாரித்த படிவத்தில் பொருள், அளவு, நாடு, சமூகம் என்று கட்டங்கள் இருந்தனவே ஒழிய, கொடுத்தவர் என்ன சொல்லிக் கொடுத்தார் என்று எழுத ஒரு கட்டம் இல்லை. ‘சமூகம்’ என்ற கட்டத்தில் சிலர் எதுவுமே எழுதாமல் விட்டிருந்தார்கள். அதைத் தகவல் குறை என்று குறித்து வைத்தவளும் நான்தான். (ஏன் விட்டீர்கள் என்று ஒருவரையாவது கேட்டிருக்கலாம்.)

படிவத்தை மாற்றிவிட்டேன். முதல் கேள்வி, ‘உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?’ கடைசியில் அரைப் பக்கம் வெற்றிடம். இனி என் மேசைக்கு வரும் எந்தப் பொருளும் அந்த அரைப் பக்கம் நிரம்பாமல் உள்ளே போகாது.

எதற்காக இவ்வளவு எழுதினீர்கள் என்று அந்தக் காவலரிடம் கேட்டேன். “உள்ள போற பொருள் வெளிய வரும்போது மாறிடக் கூடாதில்ல மேடம்” என்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

நன்றிப் பலகையில் அவர் பெயரைப் போட ஆசைப்பட்டேன். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். டூட்டி நேரத்தில் கதை கேட்டுக்கொண்டிருந்ததாக மேலே யாராவது சொல்லிவிடுவார்களாம். பதிவேட்டையாவது கொடுங்கள் என்றேன். அது ஆபீஸ் சொத்து, தர முடியாது என்றார். நகல் எடுத்துக்கொண்டு, வாங்கினேன் என்றும் திருப்பிக் கொடுத்தேன் என்றும் அதே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.