மே மாதம் வேண்டாம், செப்டம்பரில் வா

கோத்தகிரி

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து, பேப்பரைக் கண்ணாடியில்லாமல் படிக்கிறாய் என்று எழுதியிருந்த இடத்தை வீட்டில் இரண்டு முறை படித்துக் காட்டினேன். மனசு நிறைந்துவிட்டது. நாங்களும் நலம். பனி விலகிவிட்டது, காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வாசலில் உட்கார முடிகிறது.

மே மாதம் பேரப்பிள்ளைகளோடு இரண்டு வேன்களில் வருகிறோம், இரண்டே நாள், ஊட்டி மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம், அறை மட்டும் பார்த்து வை என்று கேட்டிருக்கிறாய். நீ கேட்டு நான் மறுத்ததே கிடையாது. இந்த ஒன்றை மட்டும் மறுக்கிறேன். மே மாதம் வேண்டாம். கோபித்துக்கொள்ளாமல் முழுதாகப் படி.

போன மே மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். குஞ்சப்பனைப் பக்கம் அப்போது பலாப் பழுக்கும் காலம். அந்த வாசனைக்குக் கீழ்க்காட்டிலிருந்து யானைகள் ஏறி வரும். இன்று நேற்று வந்த பழக்கமல்ல. ஒரு தாய் யானை, கூடவே சின்னக் குட்டி. சாலையைக் கடந்து எதிர்ச்சரிவுக்குப் போக வேண்டும். இரண்டு பக்கமும் கார்கள் வரிசையாக நின்றுவிட்டன. ஆட்கள் இறங்கிப் படம் பிடிக்கிறார்கள்; ஒருவர் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு கிட்டத்தில் போகிறார்; பின்னால் நிற்பவர்கள் விடாமல் ஹாரன் அடிக்கிறார்கள். அந்தத் தாய் குட்டியை வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு, காதை விரித்தபடி, ஓரடி எடுத்து வைக்கும், பின்வாங்கும். எங்கள் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, "அது போற வழியில நாமதான் நிக்கிறோம்" என்றார். முக்கால் மணி நேரம் அப்படியே போயிற்று. கடைசியில் அது கடக்கவே இல்லை. குட்டியோடு வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. வெயிலில் வெந்து, பிள்ளைகளுக்குக் குளிர்ச்சியைக் காட்ட வந்தவர்கள், உன்னைப் போலத்தான். ஆனால் எல்லோரும் ஒரே ஆறு வாரத்தில், ஒரே நான்கைந்து இடத்துக்கு, சொந்த வண்டியில் வருகிறார்கள். இந்த மலைச்சாலை அதற்காகப் போட்டதல்ல. சீசனில் எங்கள் தெருக்குழாய் வறண்டு கிடக்கும். கண்ணெதிரே விடுதிகளுக்கு லாரித் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். கோயில் விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடிக்கக் கரடி வருவது இங்கே பழைய செய்தி. இப்போது சாலையோரம் வீசிப்போகும் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கும் வருகிறது. பொட்டலத்தோடு பையையும் சேர்த்து விழுங்குகிறது.

மலைக்கு வரும் வண்டிகள் முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸ் பற்றிக் கேட்டிருந்தாய். சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வந்தது. 2025 ஏப்ரல் முதல் சீசனுக்கு எண்ணிக்கையும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. எங்கள் கடைக்காரர்கள் பிழைப்புப் போகிறது என்று கடையடைப்பு நடத்தினார்கள். வர்க்கி பிஸ்கட்டும் சாக்லேட்டும் விற்கிறவருக்கு அந்த இரண்டு மாத வரும்படிதான் வருஷச் சாப்பாடு. அவர் வருத்தத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் இரண்டு மாதத்தை நம்பிப் பன்னிரண்டு மாதம் வாழ வேண்டியிருப்பதே கோளாறு என்பது என் எண்ணம். வண்டியை எண்ணிவிட்டால் மட்டும் அது சரியாகாது. அந்த 8,000 வண்டியும் ஒரே காலையில் தாவரவியல் பூங்காவுக்கும் படகு இல்லத்துக்கும் தொட்டபெட்டாவுக்கும்தானே போய் நிற்கும்? வருகிறவர்கள் வருஷம் முழுக்கப் பரவி வர வேண்டும், வந்தால் நாலு நாள் தங்க வேண்டும்.

கட்டடங்கள் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. முதுமலையை ஒட்டிய சீகூர்ப் பக்கம் யானை வழித்தடத்தில் எழுந்த விடுதிகளுக்கு எதிராக 2020இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதைப் பார்த்த பிறகும் இங்கே பசுந்தேயிலை விலை கட்டுப்படியாகாதவர்கள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிறார்கள். போன வருஷம் தேயிலை நின்ற சரிவில் இந்த வருஷம் காட்டேஜ் பலகை நிற்கிறது.

சரி, உன் பயணத்துக்கு வருகிறேன். காலாண்டு விடுமுறையில் வா. செப்டம்பர் கடைசி வாரம் நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை அதற்குப் பிறகுதான். வேன் வேண்டாம். தஞ்சாவூரிலிருந்து ஜன் சதாப்தியில் கோயம்புத்தூர் வந்து, இரவு அங்கே தங்கிவிட்டு, விடியற்காலையில் மேட்டுப்பாளையம் போய் மலை ரயிலைப் பிடி. டிக்கெட்டை மட்டும் முன்னாலேயே எடுத்துவிடு. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவிலிருக்கும் பல் வைத்த இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ரயில் ஏறும் சத்தத்தைப் பிள்ளைகள் கேட்க வேண்டும். குன்னூரில் நான் நிற்பேன். அங்கிருந்து கோத்தகிரிக்கு பஸ். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இ-பாஸ் தொல்லையும் இல்லை.

தங்குவது எங்கள் வீட்டில். இடம் போதாவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு அறை தருவார். வாடகையை அவர் கையில் கொடுத்துவிடலாம். ஐந்து நாள் இரு. ஒரு நாள் கோடநாடு காட்சிமுனை, ஒரு நாள் சோலைக்காட்டு ஓரமாக நடை. மருமகளுக்கு இந்த மலைப் பழங்குடிகளான தோடரின் பூத்தையல் போர்வை வேண்டுமென்றால் பின்னுகிற பெண்களிடமே போய் வாங்குவோம். வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாக, வரைந்து வைத்துக்கொள்ளாமல் இழையை எண்ணி எண்ணியே பின்னுவார்கள். ஒருவர் பின்னுவதை ஒரு மணி நேரம் பார்த்த பிறகு அவரிடம் பேரம் பேச உனக்கு மனசு வராது. மற்ற நாளெல்லாம் வாசலில் உட்கார்ந்து நாம் இருவரும் பேசிக்கொண்டிருக்கலாம். எத்தனை வருஷப் பேச்சு பாக்கி இருக்கிறது!

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிடு. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இங்கே 2019இலிருந்தே தடை. சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். உன் மனைவிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளுமா என்று எழுது, கம்பளி எடுத்து வைக்கிறேன். தேதியை இந்த மாதக் கடைசிக்குள் சொல்லிவிடு, பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்