பெயிண்ட் அடிக்கும் முன்பே சோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைந்த வருமானக் குடும்பங்கள் தகரக் கூரையைப் பிரித்துவிட்டு 'டால்' எனும் கான்கிரீட் கூரைத்தளம் ஊற்ற, அரசின் வீட்டுவசதி நிறுவனமான என்.எச்.டி.சி. மானியம் தருவது மொரிஷியசில் பலரும் அறிந்ததே. 1960-இல் அலிக்ஸ், கரோல் என்ற இரு புயல்களும் அடுத்தடுத்து அடித்த அடியை நினைத்தால் அதன் அவசியம் புரியும். ஆனால் முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன் ஊற்றிய டால் இப்போது உதிர்கிறதே, அதைப் பற்றிப் பேச்சையே காணோம்.

பழைய 'சித்தே' (அரசுக் குடியிருப்பு) வீடுகளில் அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடும் வழியே நீளமாக ஒரு விரிசல், அதை ஒட்டிச் செந்நிறக் கறை, சில இடங்களில் தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து கம்பி தொங்கும். காரணம் பெரும்பாலும் உப்பு. கரைக்கடலில் மணல் அள்ளுவதற்கு 2001 அக்டோபரில் தடை வரும்வரை பவள மணல் கட்டட வேலைக்கு ஏராளமாகப் போனது. சரியாகக் கழுவாத மணலின் உப்பும், மேலிருந்து ஒழுகும் மழைநீரும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், காரையைத் தள்ளிவிடும்.

வழக்கமாக என்ன செய்கிறார்கள்? பெயர்ந்த இடத்தில் கலவையை அப்பி, பெயிண்ட் அடித்து, பில் போட்டுவிடுகிறார்கள். ஓரிரு புயல் பருவம் போனதும் ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றி வளையமாக மறுபடி வெடிக்கும். கம்பியின் முதுகில் துரு அப்படியே இருக்கிறது, பக்கத்துக் காரையில் உப்பும் இருக்கிறது, வேறென்ன ஆகும்?

முதலில் மேல்தளத்தில் தண்ணீர் தேங்காமல் ஒழுகலை அடைக்க வேண்டும். பிறகு கீழே முட்டுக் கொடுத்து, சுத்தியலால் தட்டி, பொள்ளலாகக் கேட்கும் இடமெல்லாம் கோடு போட வேண்டும். கோட்டின் மேல் 1 செ.மீ. ஆழம் அறுத்துவிட்டுக் கொத்தினால் ஓரம் மெலிந்து உரியாது. கம்பிக்குப் பின்னால் ஒரு விரல் நுழையும்வரை, நீளவாக்கில் துருவில்லாத கம்பி தெரியும்வரை கொத்த வேண்டும். இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள், கூலி ஏறும் என்று. கம்பி கால் பங்குக்கு மேல் கரைந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும், 10 மி.மீ. கம்பி என்றால் இரு முனையிலும் 40 செ.மீ. நீளத்துக்கு அது பழைய நல்ல கம்பியோடு சேர்ந்து ஓட வேண்டும். கம்பியைப் பிரஷ் போட்டுத் தேய்த்துத் துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே பாலிமர் சேர்த்த சிமெண்ட் கலவையை அப்ப வேண்டும். அடிப்பக்கம் என்பதால் ஈரச்சாக்கு நிற்காது. ஏழு நாள் அடிக்கடி தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் தாளால் மூடி வைக்கலாம்.

பழுதுக்கு அரசு உதவி தரும்போது இரண்டு தவணையாகத் தரட்டும். கம்பி வெளியே தெரியும் நாளில் அதிகாரி வந்து அளந்து பார்த்த பிறகே இரண்டாவது தவணை. டால் முழுக்கக் கம்பி பாதிக்கு மேல் தின்னப்பட்டிருந்தால் அந்த வீட்டுக்கு ஒட்டுப் போடப் பணம் தர வேண்டாம். இடித்துப் புதிதாக ஊற்றத் தரட்டும்.

இப்படிக்கு,
கட்டடப் பழுது வேலை அறிந்த வாசகர்கள்,
ரோஸ் ஹில்